எஞ்சின் விளக்கும் எண்குறிகளும்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் ஓர் அநுபவம் பொதுவானது. மொழி சரிவரத் தெரியாத ஓர் ஊரில், பல ஆண்டுகள் உழைத்துவிட்ட பழைய கார் ஒன்றின் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கொன்று திடீரென எரியத் தொடங்கும். எஞ்சினின் உருவத்தைத் தாங்கிய அவ்விளக்கு, ஏதோ ஒரு பழுது நேர்ந்திருக்கிறது என்பதனை அறிவிக்குமேயன்றி, இன்ன பழுது என்று சொல்லாது. பட்டறைக்குச் சென்றால், மெக்கானிக் கையடக்கமான ஒரு கருவியை வண்டியில் மாட்டுகிறார். ஓர் எண்ணைப் படிக்கிறார். ஏதோ ஓர் உறுப்பின் பெயரைச் சொல்கிறார். கூடவே ஒரு விலையையும் சொல்கிறார். தலையை அசைப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இருப்பதில்லை. அந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நான் வாழும் ஊர் பெருங்கடவிளை. அது கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. ஸ்ரீ நாராயண குரு 1888-ஆம் ஆண்டில் சிவப்பிரதிஷ்டை செய்த அருவிப்புறம் இதற்கு அருகிலேயே இருக்கின்றது. தெற்கே பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அதற்கப்பால் தமிழகம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, விளவங்கோடு ஒருபுறமும் நெய்யாற்றின்கரை மறுபுறமும் ஆயின. ஆயினும் சாலை ஒன்றே. நெய்யாற்றின்கரையின் கே.எல். 20, பாறசாலையின் கே.எல். 19, மார்த்தாண்டத்தின் டி.என். 75 ஆகிய பதிவெண்களைத் தாங்கிய வண்டிகள் நாள்தோறும் ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஓடுகின்றன. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த இந்நிலத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. காற்றில் ஈரம் குறையாத இவ்விடத்தில் இரும்பு துருப்பிடிப்பதும், செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு ஏறுவதும் மிக எளிது. இவ்வுரைக்கு இச்செய்தி தேவைப்படும்; ஆகவே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். 2012-ஆம் ஆண்டில் பதிவான பெட்ரோல் டாக்சி ஒன்றை ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். சிறுநீரகம் செயலிழந்த மூதாட்டி ஒருவரை வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகத் திருவனந்தபுரம் அழைத்துச் செல்வதும், மாலையில் திரும்ப அழைத்து வருவதும் அவருடைய நிலையான வேலை. அந்த வண்டி வழியில் நின்றுவிட்டால் இழப்பு வாடகை மட்டுமன்று. ஆனி மாதத்து மழை நாளொன்றில் அவ்வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுழன்றது; பெட்ரோல் செலவு மிகுந்தது; சூடான எஞ்சினை அணைத்து மீண்டும் கிளப்பினால் முரண்டு பிடித்தது.

வேறோர் ஊரிலுள்ள பட்டறைக்குச் சென்றார். அங்கே கருவியை மாட்டிப் பார்த்தவர்கள், "எஞ்சின் வெப்பம் அதிகம் என்று வருகிறது" என்றனராம். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினர், ரேடியேட்டரைக் கழுவினர், எண்குறியை அழித்தனர். வீடு வந்து சேருமுன்னரே விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாம் முறை வெப்பம் அறியும் சென்சாரை மாற்றினர். அப்பொழுதும் விளக்கு அணையவில்லை. மூன்றாம் முறை, வண்டியின் கணிப்பொறிப் பெட்டியே கெட்டுவிட்டது என்று கூறி, அவருடைய இரண்டு மாத வருவாய்க்கு மேற்பட்ட ஒரு தொகையைச் சொன்னார்கள். அவர் வண்டியை விற்றுவிடலாமா என்று எண்ணும் நிலைக்கு வந்துவிட்டார். அதன் பின்னர் நிகழ்ந்ததைக் கூறுமுன், இந்த விளக்கு வண்டிக்குள் எவ்வாறு வந்தது என்பதனைச் சற்றே பார்ப்போம்.

பழைய கார்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது. திருகாணியைச் சற்றே திருப்பியும், எஞ்சினின் ஓசையைச் செவியால் கேட்டும் கைதேர்ந்த மெக்கானிக் அதனைச் சரிசெய்துவிடுவார். ஆனால் அக்கலவை எப்பொழுதும் சரியான அளவில் அமைவதில்லை. எரியாத பெட்ரோல் புகையாக வெளியேறும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைப்படலத்திற்குக் காரணம், கார்களின் புகையின்மேல் சூரிய ஒளி படுவதனால் நிகழும் இரசாயன மாற்றமே என்பதனை, ஹாலந்து நாட்டில் பிறந்த ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் எடுத்துக் காட்டினார். அதன் வழியாகப் பிறந்த சட்டங்கள் கார்புரேட்டருக்கு முடிவு கட்டின. கணிப்பொறி ஒன்று அளந்து அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை வந்தது. அளக்கும் பொறியே தன் அளவு பிழைபட்டால் அறிவிக்கவும் வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 1988-ஆம் ஆண்டு மாடல் வண்டிகளிலிருந்து விதித்தது. 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை இணைப்பும், பொதுவான எண்குறிகளும் கட்டாயமாயின.

நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் உச்சநீதிமன்றம், தலைநகர் தில்லி வட்டாரத்தில் பதிவாகும் தனியார் கார்கள் அவ்வாண்டு ஜூன் முதல் நாளிலிருந்து யூரோ 1 அளவுக்கும், 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து யூரோ 2 அளவுக்கும் உட்படவேண்டும் என ஆணையிட்டது. அதனை அடுத்துக் கார்புரேட்டர் கார்கள் விரைவில் மறையத் தொடங்கின. பாரத் நான்காம் நிலை விதிகள் 2010 ஏப்ரலில் பெருநகரங்களிலும், 2017 ஏப்ரலில் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளின்படி, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டின் முதற்படி 2010-லும், அதனினும் நுட்பமான இரண்டாம் படி 2013-லும் புகுந்தன. 2020 ஏப்ரல் முதல் ஆறாம் நிலை. உங்கள் வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதனை முதலில் அறிந்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுவே. 2010-க்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றில் இணைப்புத் துளைகள் இருக்கும். ஆனால் கடையில் வாங்கும் பொதுக் கருவியோடு அவை பேசமாட்டா. அவற்றுட் சில, அந்தந்த நிறுவனத்தின் கருவிக்கு மட்டுமே விடை தரும். வேறு சிலவற்றில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், மஞ்சள் விளக்கே சிமிட்டிச் சிமிட்டி எண்ணைச் சொல்லும். ஒரு முறை நீளமாகவும் நான்கு முறை குறுகலாகவும் சிமிட்டினால் பதினான்கு. இப்படியே எண்ணிக் கொள்ளவேண்டும். எந்த இரண்டு முனைகள் என்பது அந்த வண்டியின் பட்டறைக் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாமல் கம்பியை வைத்தல் கூடாது.

இனி, எண்குறியின் அமைப்பைக் காண்போம். அது ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் சேர்ந்தது. எழுத்துக்கள் நான்கே. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் குறிப்பது பி. பிரேக், ஸ்டியரிங் முதலிய அடிச்சட்டப் பகுதிகளைக் குறிப்பது சி. உடற்கூட்டின் மின்சாதனங்களைக் குறிப்பதும் பி. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் வழியைக் குறிப்பது யு. நம் எழுத்தில் எழுதும்பொழுது இரண்டு பி-க்களும் ஒன்றாகத் தோன்றும். ஆங்கில நெடுங்கணக்கில் எஞ்சினுடையது பதினாறாம் எழுத்து, உடற்கூட்டினுடையது இரண்டாம் எழுத்து. மஞ்சள் விளக்கை எரியச் செய்பவை பெரும்பாலும் எஞ்சினுக்குரிய குறிகளே. ஆதலால் இவ்வுரையில் பி என்று வருமிடமெல்லாம் பதினாறாம் எழுத்தையே கொள்க.

எழுத்தை அடுத்து வரும் முதல் இலக்கம் மிகவும் முக்கியமானது. அது சுழியமாயின், அக்குறி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது. சூரத்திலும் புனேயிலும் பெருங்கடவிளையிலும் அதற்கு ஒரே பொருள். அது ஒன்றாயின், வண்டியைச் செய்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட குறி. அதே எண்ணுக்கு இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் வேறு பொருள் இருக்கலாம். மலிவான கருவிகள் இந்த வேறுபாட்டைக் கருதாது ஏதேனும் ஒரு பொருளைக் காட்டிவிடுவதுண்டு. அடுத்த இலக்கம் பழுது எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதனைக் காட்டும். ஒன்றும் இரண்டும் காற்று, பெட்ரோல் அளவுகள், மூன்று தீப்பொறியும் எரிதல் தவறுதலும், நான்கு புகையைத் தூய்மைப்படுத்தும் உறுப்புக்கள், ஐந்து வேகமும் சும்மா ஓடும் நிலையும், ஆறு கணிப்பொறி, ஏழும் எட்டும் கியர்ப் பெட்டி. கடைசி இரண்டு இலக்கங்களும் அத்துறைக்குள் குறிப்பிட்ட நிகழ்ச்சியைச் சுட்டும்.

கருவியைப் பயன்படுத்தும் முறை கடினமானதன்று. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, முகப்புப் பலகையின் அடியில், எட்டெட்டாக இரண்டு வரிசையில் பதினாறு துளைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். அதில் நான்காம் ஐந்தாம் துளைகள் எர்த். பதினாறாம் துளையில் பாட்டரியின் மின்சாரம் எப்பொழுதும் இருக்கும். கருவியை மாட்டியதும் அதன் விளக்கு எரியவில்லையென்றால், கருவி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாமல், வண்டியின் ப்யூஸ் ஒன்று போயிருக்கிறதா என்று பாருங்கள். திரையுள்ள கையடக்கக் கருவியும் உண்டு. கைப்பேசியோடு கம்பியின்றி இணையும் சிறு கட்டையும் உண்டு. இவ்வகைக் கட்டைகளுக்கு வழிகாட்டியது கனடா நாட்டின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த எல்ம் 327 என்னும் சில்லாகும். அந்நிறுவனம் 2022-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. மிக மலிவாகக் கிடைப்பவற்றுட் பல அச்சில்லின் போலிகள். அவை புதிய வண்டிகளோடு ஒருவாறு பேசினாலும், பழைய வண்டிகள் ஏழாம் துளையின் வழியே பேசும் மெதுவான மொழியில் தடுமாறுவதுண்டு. பழைய வண்டி வைத்திருப்பவர், வாங்குமுன் தம் வண்டியிலேயே மாட்டிப் பார்த்து வாங்குதல் நலம்.

எஞ்சினைக் கிளப்பாமல், சாவியை மட்டும் திருப்பி, முகப்பு விளக்குகள் எரியும் நிலையில் நிறுத்துங்கள். கருவி காட்டும் குறிகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உறுதிப்பட்ட குறி என்றும், ஐயத்தில் நிற்கும் குறி என்றும் இருவகை உண்டு. பல பழுதுகளைக் கணிப்பொறி முதல் ஓட்டத்தில் ஐயமாகவே குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் உறுதி செய்து விளக்கை எரியவிடும். மின்கம்பி அறுந்தது போன்றவற்றை உடனேயே உறுதி செய்துவிடும். குறி பதிவான அக்கணத்தில் எஞ்சினின் வேகம் என்ன, வெப்பம் என்ன, சுமை என்ன என்பவற்றையும் அது நிழற்படம் போல் சேமித்து வைத்திருக்கும். அதனையும் எழுதிக்கொள்ளுங்கள். "குறிகளை அழிக்கவா?" என்று கருவி கேட்கும், அதற்கு மட்டும் இப்பொழுது உடன்படாதீர்கள். அழித்தால் அந்த நிழற்படமும் சேர்ந்து அழியும். அடுத்துப் பார்க்கப் போகிறவருக்குத் தடயமே இராது.

இப்பொழுது எங்கள் பெரியவரின் வண்டிக்குத் திரும்புவோம். அதில் இருந்த குறி பி 0118. கருவியின் திரையில் அதற்கு எழுதியிருந்த ஆங்கில வாசகம், எஞ்சின் நீரின் வெப்பத்தை அறியும் மின்சுற்றில் "ஹை" என்பது. மொழிபெயர்ப்பு அலுவலில் காலங்கழிப்பவன் என்ற முறையில், பெரியவர் அத்தாளை என்னிடம் கொண்டுவந்து பொருள் கேட்டார். நானும் "வெப்பம் உயர்வு" என்றே சொல்லியிருப்பேன். நல்ல வேளையாக, "எது உயர்ந்தது என்று இதில் இல்லையே" என்று தோன்றியது. அடைமொழி எந்தப் பெயரைத் தழுவுகிறது என்பதனைக் காணாமல் மொழிபெயர்ப்பது எங்கள் தொழிலில் பெரும் பிழை. இங்கே உயர்ந்தது வெப்பம் அன்று, மின்சுற்றின் அழுத்தம்.

அச்சென்சார் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இது தெளிவாகும். அது வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு பொருள். குளிர்ந்திருக்கும்போது தடை மிகுதி. சூடேற ஏறத் தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 2,500 ஓம் இருப்பது, 80 டிகிரியில் சுமார் 300 ஓம் ஆகிவிடும். கணிப்பொறி அதற்கு 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று பார்க்கின்றது. தடை மிகுந்தால் அழுத்தம் உயர்ந்து நிற்கும். அதனைக் குளிர் என்று கணிப்பொறி கொள்ளும். கம்பியே அறுந்துவிட்டால் தடைக்கு எல்லை இல்லை. அழுத்தம் ஏறக்குறைய 5 வோல்ட்டிலேயே நிற்கும். அது கணிப்பொறியின் பட்டியலில் உள்ள மிகக் கடுங்குளிர். ஆக, "ஹை" என்று திரை கூறியதன் உண்மைப் பொருள், எஞ்சின் கொதிக்கிறது என்பதன்று. எஞ்சின் உறைந்து கிடப்பதாகத் தோன்றுகிறது என்பதே. சொல்லுக்குச் சொல் பெயர்த்ததனால், முற்றிலும் எதிரான பொருளைக் கொண்டு, ஒரு குற்றமும் அறியாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள்!

எங்கள் ஊர்ப் பட்டறையில் இருக்கும் இளைஞர் கருவியை மாட்டி, எஞ்சின் ஓடும்போது அளவுகளைக் காட்டும் பகுதியைத் திறந்தார். நீரின் வெப்பம் என்ற இடத்தில் கழித்தல் 40 டிகிரி என்றிருந்தது. "அண்ணாச்சி, இதைப் பாத்தியளா? வண்டி பனிமலையிலே நிக்குறதா நெனைச்சிட்டிருக்கு" என்றார். கணிப்பொறியோ, இந்த அளவை நம்ப இயலாதென்று கண்டு, எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடாதிருக்கும் பொருட்டு விசிறியை ஓயாமல் ஓட விட்டிருந்தது.

அடுத்து அவர் செய்த சோதனை, பணச் செலவு ஏதுமில்லாதது. சென்சாரின் கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். கம்பிகள் நன்றாக இருந்தால், தடை இல்லாது போவதால், திரையில் வெப்பம் நூறு டிகிரிக்கு மேல் பாய்ந்து ஏறவேண்டும். அவ்வாறு ஏறினால் கம்பியும் கணிப்பொறியும் நலம்; பழுது சென்சாரில். ஏறாவிட்டால் பழுது கம்பியில் அல்லது அதற்கு அப்பால். திரை கழித்தல் நாற்பதிலேயே நின்றது. ஆகவே இரண்டாம் முறை மாற்றிய சென்சாரும் வீண் செலவே. அவர் கம்பிக் கற்றையைத் தடவிக்கொண்டே சென்றார். பாட்டரித் தட்டின் அருகே சுற்றியிருந்த நாடாவை அவிழ்த்தபோது, எலி கடித்த இடமும், அதன்வழியே மழைநீர் புகுந்து பச்சைக் களிம்பேறி நூலிழையாய் அறுந்திருந்த செம்புக் கம்பியும் வெளிப்பட்டன. ஒரு சாண் புதுக் கம்பி, ஈயப்பற்று, மேலே ஓர் உறை, வேலை முடிந்தது. கணிப்பொறிப் பெட்டிக்கு எந்தக் குறையும் இல்லை. ஒன்று நினைவில் இருக்கட்டும்: இரண்டே கம்பிகள் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டுமே இச்சோதனை பொருந்தும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிகள் உள்ளவற்றில் முனைகளை இணைத்தால் கணிப்பொறி உண்மையிலேயே கெட்டுப்போகலாம்.

இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து நாம் அறியவேண்டியது என்ன? எண்குறி ஒரு தீர்ப்பன்று. அது ஒரு சாட்சியின் வாக்குமூலம். கணிப்பொறி தான் கண்டதைச் சொல்கிறது. ஏன் என்பதனைச் சொல்வதில்லை. அடிக்கடி தவறாகப் பொருள் கொள்ளப்படும் வேறு மூன்று குறிகளையும் இவ்வாறே பார்க்கலாம்.

முதலாவது பி 0171. எரிகலவையில் காற்று மிகுந்தும் பெட்ரோல் குறைந்தும் இருக்கிறது என்பது அதன் பொருள். இதனைச் சொல்வது சைலன்சர்க் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்சார். ஆதலால் பலர் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகின்றனர். செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பது போன்றது இது. வெடித்துப்போன ரப்பர்க் குழாய் வழியே புகும் காற்று, வலுவிழந்த பெட்ரோல் பம்பு, அடைத்துக்கொண்ட வடிகட்டி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காரணமாயிருக்கலாம். கணிப்பொறி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ சமாளிக்கிறது என்பதனைக் கருவி காட்டும். அது பத்து விழுக்காட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் இயல்பு. எஞ்சின் சும்மா ஓடும்போது மிக உயர்ந்தும், வேகத்தை 2,500 சுற்றுக்கு ஏற்றினால் தணிந்தும் வருமாயின், எங்கோ காற்று கசிகிறது. வேகம் கூடக் கூட அதுவும் உயருமாயின், பெட்ரோல் போதவில்லை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிவிட்டமையால், அதற்கென வகுக்கப்படாத பழைய வண்டிகளில் இந்த அளவு முன்னைவிடச் சில விழுக்காடு உயர்ந்து காணப்படலாம் என்பதனையும் கருத்தில் கொள்க. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் அடங்கியிருப்பது அதற்குக் காரணம்.

இரண்டாவது பி 0301. முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது, அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் "மிஸ்ஸிங்", என்பது இதன் பொருள். 0302 இரண்டாம் சிலிண்டர். 0300 என்றால் எதுவென்று சொல்ல இயலாதபடி பலவற்றில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள வண்டியாயின், எஞ்சினை அணைத்துவிட்டு முதலாவதன் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதனை முதலாவதிலும் மாற்றி வைத்து ஓட்டிப் பாருங்கள். குறி 0302 ஆக மாறினால் பழுது காயிலோடு சென்றது என்பது உறுதி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், வால்வு என்று வரிசையாகத் தேடவேண்டும். புதுக் காயிலை வாங்கும் முன்னர் இச்சோதனையைச் செய்யும்படி கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது பி 0420. புகையைத் தூய்மைப்படுத்தும் கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பெற்ற அவ்வுறுப்பு மிக விலையுயர்ந்தது. அதனை மாற்றுமுன், புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா, எரிதல் தவறுகிறதா என்பவற்றைப் பார்த்தேயாகவேண்டும். எரியாத பெட்ரோல் அங்கே சென்று எரிந்து பாழாக்கியிருந்தால், மூலகாரணத்தை நீக்காமல் மாட்டும் புதிய கன்வெர்ட்டரும் அவ்வாறே பாழாகும்.

விளக்கு எரியும் விதத்திலும் பொருள் உண்டு. அசையாமல் எரிந்தால், வண்டியை ஓட்டிச் சென்று விரைவில் காட்டலாம். ஓடும்போது சிமிட்டினால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு எரிதல் தவறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடவேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கோ முற்றிலும் வேறானது. அது எரிந்தால் கருவியைத் தேடாமல் உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். தேய்ந்த பிரேக் கட்டை, வழுக்கும் கிளட்ச், கிழிந்த டயர் ஆகியவற்றுக்கு எண்குறியே இராது. கருவியில் ஒன்றும் இல்லை என்பதனால் வண்டியில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது.

பழைய வண்டி வாங்க இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் குறியை அழித்து விளக்கை அணைத்துவிட்டு வண்டியைக் காட்டுவதுண்டு. ஆனால் அழித்ததையும் வண்டி மறைப்பதில்லை. கணிப்பொறி தான் செய்யவேண்டிய சோதனைகளுள் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். நாள்தோறும் ஓடுவதாகச் சொல்லும் வண்டியில் எல்லாமே "முடியவில்லை" என்றிருந்தால், அண்மையில் குறி அழிக்கப்பட்டது அல்லது பாட்டரி கழற்றப்பட்டது என்று ஐயுறலாம். மேலும், சாவியைத் திருப்பும்போது மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரியவேண்டும். எரியவே இல்லையென்றால், பல்பையே யாரோ எடுத்துவிட்டிருக்கக் கூடும். காலையில் எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது பார்க்க வாய்த்தால், உள்ளே வரும் காற்றின் வெப்பமும் எஞ்சின் நீரின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்றும் கருவியில் காணுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் அவ்விரண்டும் பெரிதும் வேறுபடக் காரணமில்லை. வேறுபட்டால் ஒரு சென்சாரோ அதன் கம்பியோ பொய் சொல்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்களே! பட்டறையில் நீங்கள் கேட்கவேண்டியவை மூன்றே கேள்விகள். குறி என்ன? அதனை மெய்ப்பிக்க என்ன சோதனை செய்தீர்கள்? பழுதை நீக்கிய பின்னர்தானே குறியை அழித்தீர்கள்? அவ்வூர் மொழியில் இம்மூன்றையும் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதற்கேள்வியின் விடையை எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் எந்த மாநிலத்திலும் ஒரே விதமாகவே எழுதப்படும். அத்தாளை ஊரிலுள்ள தெரிந்த மெக்கானிக்கிற்குக் கைப்பேசியில் அனுப்பினாலும் அவர் உங்களுக்கு வழி சொல்ல இயலும்.

எங்கள் பெரியவர் இப்பொழுது தம் வண்டியின் பதிவுப் புத்தகத்துடன் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் வைத்திருக்கிறார். குறி, தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்குமுன் பாட்டரித் தட்டின் அருகே கம்பிக் கற்றையைத் தாமே தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களிலும் விடியுமுன் அவ்வண்டி எங்கள் வீட்டைக் கடந்து நெய்யாற்றின்கரைச் சாலையை நோக்கிச் செல்கின்றது. பின்னிருக்கையில் அம்மூதாட்டி சாய்ந்து அமர்ந்திருக்கிறார்.